கூட யாரு வந்திருக்கீங்க?

ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு வாசலில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். அங்கே அதிகமாகக் காதில் விழும் கேள்வி இதுதான்: ‘இந்தப் பொண்ணு கூட யாரு வந்திருக்கீங்க?’

கதவு பாதி திறக்கும். நர்ஸம்மாவின் தலை மட்டும் வெளியே தெரியும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்திலிருந்து ஒருவர் அலறியடித்துக்கொண்டு எழுந்து ஓடுவார். கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் ரத்தத்துக்கு ஆள் பிடிக்க வேண்டியிருக்கும். அதுவும் இல்லாவிட்டால் மருந்துக்கடைக்கு ஓட வேண்டியிருக்கும். சீட்டைக் கையில் திணித்துவிட்டுக் கதவு சாத்திக்கொள்ளும்.

கூட வந்தவர் எல்லாம் செய்யலாம். கூட இருப்பதை மட்டும் செய்ய முடியாது.

நம் சினிமாவும் இதைத்தான் ஐம்பது வருஷமாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே ஹீரோ குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். உள்ளேயிருந்து ஓர் அலறல், பிறகு குழந்தை அழும் சத்தம். நர்ஸ் வந்து ‘ஆம்பளப் புள்ள’ என்பார். அந்த அலறலுக்கும் அழுகைக்கும் நடுவே கட்டிலில் கிடந்த பெண்ணுக்கு என்ன ஆயிற்று, அவள் கையை யார் பிடித்திருந்தார்கள் என்று எந்த டைரக்டரும் உள்ளே போய்ப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

●

சமீபத்தில் திருப்பூர் போயிருந்தபோது மண்ணரையில் ஒரு அக்காவைப் பார்த்தேன். ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம், ஊராட்சியாக இருந்து மாநகராட்சிக்குள் வந்த ஏரியா. நண்பர் குடியிருக்கும் காம்பவுண்டில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வீடுகள், பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. பாதி வீட்டில் தேனி, ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள். மீதியில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். உள்ளூர்க்காரர் என்று சொல்ல இந்த அக்காவைப் போல ஒன்றிரண்டு பேர்தான். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

அந்தக் காம்பவுண்டில் யாருக்கு இடுப்பு வலி எடுத்தாலும் இந்த அக்காவின் கதவைத்தான் தட்டுகிறார்கள். இதுவரைக்கும் பதினாலு பெண்களோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாராம். கணக்கு வைத்துக்கொண்டதில்லை. நண்பர் கேட்டபோது விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

‘‘மருத்துவம் எல்லாம் எனக்கு என்னங்க தெரியும்? நான் பாட்டுக்குப் பக்கத்துல உக்காந்துக்குவேன். இடுப்பைத் தேச்சு வுடுவேன். சுடுதண்ணி குடுப்பேன். ‘அம்மிணி, இன்னுங் கொஞ்ச நேரம்தான், நல்லா மூச்சை இழுத்து வுடு’ம்பேன். அழுதா அழச் சொல்லுவேன். அவ்வளவுதானுங்க’’ என்றார்.

‘‘உள்ளே விடுவாங்களா?’’ என்று கேட்டேன்.

‘‘அது டியூட்டியில இருக்கறவங்களைப் பொறுத்துங்க. ஒருத்தர் வுடுவாங்க, ஒருத்தர் ‘வெளிய போம்மா’ம்பாங்க. வெளிய போனா மாடிப்படியில உக்காந்திருப்பேன். உள்ள இருந்து அந்தப் புள்ள ‘அக்கா, அக்கா’ன்னு கூப்புடறது கேக்கும். என்னத்தப் பண்றது?’’

ஒடிசாக்காரப் பெண் ஒருத்திக்குத் தலைப்பிரசவம். தமிழில் அவளுக்குத் தெரிந்தது நாலைந்து வார்த்தைதான்: ‘சாப்பாடு’, ‘லீவு’, ‘சம்பளம்’, ‘சீக்கிரம்’. எல்லாம் கம்பெனியில் கற்றது. உள்ளே ‘முக்கு, முக்கு’ என்று சத்தம் போடுகிறார்கள். அவளுக்குப் புரியவில்லை. திட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பயந்து உடம்பை இறுக்கிக்கொண்டாள். கடைசியில் படிக்கட்டில் இருந்த அக்காவை அவர்களே கூப்பிட்டார்கள். அக்காவுக்கும் ஒடியா தெரியாது. ஆனால் எப்படி முக்க வேண்டும் என்று தன் முகத்தை வைத்துச் செய்து காட்டினார். அந்தப் பெண் அதைப் பார்த்துச் செய்தாள். குழந்தை பிறந்தது.

இந்த அக்கா செய்கிற வேலைக்கு உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அக்காவுக்குத் தெரியாது. டூலா.

●

டூலா என்பது கிரேக்க வார்த்தை. பணிப்பெண், அடிமைப்பெண் என்று பொருள். டானா ரஃபேல் என்ற அமெரிக்க மானுடவியலாளர், பிள்ளை பெற்றவளுக்கு ஒத்தாசையாக இருக்கும் பெண்ணைக் குறிக்க இதைப் பயன்படுத்தினார். 1973-இல் வந்த தாய்ப்பால் பற்றிய அவருடைய புத்தகத்தின் மூலம் வார்த்தை பரவியது. பிறகு பிரசவத்தின்போது கூடவே இருந்து தைரியம் சொல்பவருக்கும் இதே பெயர் ஒட்டிக்கொண்டது.

டூலாவை மருத்துவச்சி என்று நினைத்துவிட வேண்டாம். மருத்துவச்சி பிரசவம் பார்ப்பவர். டூலா பிரசவம் பார்க்க மாட்டார், ஊசி போட மாட்டார், கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சோதிக்க மாட்டார். இடுப்பைப் பிடித்துவிடுவது, நடக்கவைப்பது, தண்ணீர் கொடுப்பது, டாக்டர் சொன்னதைப் புரியும்படி சொல்வது, இவள் சொல்ல நினைப்பதை டாக்டரிடம் சொல்வது, பயப்படாதே என்பது. இவ்வளவுதான் வேலை.

இதற்கெல்லாம் ஒரு ஆராய்ச்சியா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது.

மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் என்ற இரண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அடங்கிய குழு மத்திய அமெரிக்காவின் குவாதமாலாவில் ஓர் ஆய்வு செய்தது. முடிவு 1980-இல் வெளியானது. தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்களில் ஒரு பகுதியினருக்குப் பக்கத்தில் ஒரு சாதாரணப் பெண்ணை உட்கார வைத்தார்கள். நர்ஸ் கிடையாது, பயிற்சி கிடையாது, முன்பின் அறிமுகமும் கிடையாது. மண்ணரை அக்கா மாதிரி ஒருவர். தனியாக விடப்பட்ட பெண்களுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து குழந்தை பிறக்கச் சராசரியாக 19.3 மணி நேரம் ஆனது. துணை இருந்தவர்களுக்கு 8.8 மணி நேரம்.

ஆய்வு சின்னது. அதனால் ரொம்பவும் துள்ளிக் குதிக்க வேண்டாம். இதே டாக்டர்கள் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 616 பெண்களை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு 1991-இல் வந்தது. அதில் ஒரு சுவாரசியமான ஏற்பாடு. ஒரு குழுவுக்கு டூலா. ஒரு குழுவுக்கு யாரும் இல்லை. மூன்றாவது குழுவுக்கு, அறையின் ஓரத்தில் குறிப்பு எழுதிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். பேசக் கூடாது, தொடக் கூடாது. யாரும் இல்லாத குழுவில் 100-க்கு 18 பேருக்கு சிசேரியன். டூலா இருந்த குழுவில் 8 பேருக்கு. சும்மா உட்கார்ந்திருந்த பெண் இருந்த குழுவில்? 13 பேருக்கு.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. பேசாமல், தொடாமல், ஓரமாக இன்னொரு மனுஷி இருந்தாலே உடம்புக்குத் தெரிகிறது!

அதற்குப் பிறகு நிறைய ஆய்வுகள் வந்துவிட்டன. 17 நாடுகளில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு 2017-இல் வெளிவந்தது. குவாதமாலாவின் பத்து மணி நேரம் இதில் சுமார் 40 நிமிஷமாகச் சுருங்கிவிட்டது. ஆனால் சிசேரியன் ஆகும் வாய்ப்பு கால் பங்கு குறைகிறது. வலி மருந்தின் தேவை குறைகிறது. ‘என் பிரசவம் கொடுமையாக இருந்தது’ என்று பின்னால் சொல்லும் பெண்களும் குறைகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டியில், ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் விரும்பும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

மாத்திரை வடிவத்தில் இப்படி ஒன்று வந்திருந்தால் எத்தனை கம்பெனி போட்டி போட்டுக்கொண்டு விற்றிருக்கும்!

●

இதில் தமிழ்நாடு ஒன்றும் பின்தங்கி நிற்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணையை உள்ளே அனுமதிக்கும் திட்டத்தை நம் அரசு 2004-லேயே தொடங்கிவிட்டது. மத்திய அரசு இதை நாட்டில் உள்ள அரசு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் சொன்னது 2016 பிப்ரவரியில். பன்னிரண்டு வருஷம் முந்திக்கொண்டோம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டிக்குப் பதினாலு வருஷம் முன்னால்.

மத்திய அரசின் அந்த அறிவிப்பில் துணைக்கு வருபவருக்குச் சில நிபந்தனைகள் உண்டு. பெண் உறவினராக இருக்க வேண்டும். ஏற்கெனவே பிள்ளை பெற்ற அனுபவம் இருந்தால் நல்லது. தொற்றுநோய் இருக்கக் கூடாது. சுத்தமான துணி உடுத்தியிருக்க வேண்டும். கடைசி வரை கூடவே இருக்கத் தயாராக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி ஊழியர் வேலையில் தலையிடக் கூடாது. பக்கத்துக் கட்டில் பெண்ணைக் கவனிக்கப் போகக் கூடாது. மறைவு வசதி இருக்கும் இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம்.

நியாயமான நிபந்தனைகள்தான். ஆனால் முதல் நிபந்தனையிலேயே மண்ணரை அக்கா அவுட். அவர் யாருக்கும் உறவினர் இல்லை. ‘பெரியம்மா’ என்று பொய் சொல்லித்தான் உள்ளே போகிறார். ஒடிசாப் பெண்ணுக்கு மண்ணரையில் எப்படிப் பெரியம்மா வந்தார் என்று இதுவரை யாரும் கேட்கவில்லையாம்.

திட்டம் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஏன் அது டியூட்டியில் இருப்பவரின் மனசைப் பொறுத்ததாகவே இருக்கிறது?

நர்ஸம்மாக்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவர்கள் பக்கமும் பார்க்க வேண்டும். ஒரே ஹாலில் நாலைந்து கட்டில். நடுவே திரை இருந்தால் உண்டு. ஒருவருடைய துணையை உள்ளே விட்டால் மற்ற நான்கு பெண்களின் மானம் என்ன ஆவது? இரண்டு நர்ஸ்கள், வலியில் ஐந்து பெண்கள். நடுவே ஐந்து துணைகள் நின்றுகொண்டு ‘ஏன் இன்னும் பொறக்கலை?’ என்று கேட்டுக்கொண்டிருந்தால் வேலை ஓடுமா? எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் சொன்னார்: ‘‘வர்றவங்க எல்லாரும் தைரியம் சொல்றதில்லை சார். சில மாமியாருங்க உள்ள வந்து நின்னுக்கிட்டு, ‘நானெல்லாம் மூணைப் பெத்தேன், இப்படிக் கத்தலை’ன்னு சொல்வாங்க. அந்தப் பொண்ணே கண்ணைக் காட்டும், இவங்களை அனுப்பிடுங்கன்னு.’’

இதுவும் உண்மைதான். அதனால்தான் ‘அவள் விரும்பும் ஒருவர்’ என்று எழுதியிருக்கிறார்கள். யார் என்பதைக் கட்டிலில் படுத்திருப்பவள் முடிவு செய்ய வேண்டும். நம் வீடுகளில் அதை மாமியாரும் அம்மாவும் வெளியே நின்று பேசி முடிவு செய்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் அவர் சாட்சி. தொடையில் அடிப்பது, ‘படுக்கும்போது இனிச்சுதா?’ என்று கேட்பது, ஆண் குழந்தைக்கு ஒரு ரேட், பெண் குழந்தைக்கு ஒரு ரேட் என்று காசு கேட்பது, இதெல்லாம் சாட்சி இல்லாத இடத்தில்தான் சுலபமாக நடக்கும். பிள்ளை பெற்ற நம் பெண்களிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்காவது இதில் ஒரு கதை இருக்கும். அம்மா மகளிடம்கூடச் சொல்லாத கதை.

●

2018 ஜூலை மாதம் இதே திருப்பூரில் நடந்த ஒரு சம்பவம் பலருக்கு ஞாபகம் இருக்கும். தனியார் பள்ளி ஆசிரியை ஒருவர் வீட்டிலேயே பிள்ளை பெற முயன்று, ரத்தப்போக்கில் இறந்துபோனார். குழந்தை பிழைத்தது. யூடியூபில் வீடியோ பார்த்துப் பிரசவம் பார்த்தார்கள் என்று செய்தி வந்தது. கணவரைப் போலீஸ் கைது செய்தது. அடுத்த மாதமே கோவையில் வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஒருவரையும் கைது செய்தார்கள்.

அப்போது ‘நண்பன்’ படத்தையெல்லாம் இழுத்துவைத்துத் திட்டினார்கள். டி.வி.யில் நாலு நாள் விவாதம் ஓடியது. வீட்டுப் பிரசவம் ஆபத்து என்று டாக்டர்கள் சொன்னார்கள். முழுக்க முழுக்கச் சரி. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் பெருக ஆரம்பித்தால் நிமிஷக் கணக்கில் உயிர் போய்விடும். அந்த நேரத்தில் ஊசியும் ரத்தமும் ஆபரேஷன் தியேட்டரும்தான் காப்பாற்றும். பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்வது காப்பாற்றாது. தமிழ்நாட்டில் 2001-03-இல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். 2018-20-இல் அது 54 ஆகக் குறைந்தது. இதைச் சாதித்ததில் பெரும் பங்கு அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் இருபத்துநாலு மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அங்கே ராத்திரி பகல் பாராமல் நின்ற நர்ஸ்களுக்கும் உண்டு. ‘அந்தக் காலத்துல பாட்டி பத்துப் பெத்தா’ என்று பேசுபவர்கள், அந்தப் பாட்டி பத்தில் எத்தனையைப் பறிகொடுத்தாள் என்பதையும், பக்கத்து வீட்டுப் பாட்டி நாலாவது பிரசவத்தில் செத்துப்போனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த விவாதங்களில் ஒரு கேள்வி வரவில்லை. ஆபத்து என்று தெரிந்தும் ஏன் சிலர் ஆஸ்பத்திரி என்றாலே ஓடுகிறார்கள்? அந்த ஆசிரியையின் மனசில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது. அதைப் பேச நமக்கு உரிமையும் இல்லை. பொதுவாகக் கேட்கிறேன். உயிருக்குப் பாதுகாப்பான இடத்தில் மனசுக்கு நாதி இல்லை. மனசுக்கு ஆறுதலான இடத்தில் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஒரு பெண்ணிடம் சொல்வது என்ன நியாயம்? ஆஸ்பத்திரியைப் பார்த்துப் பெண்கள் பயப்படுகிற வரைக்கும், ‘இயற்கை’ வியாபாரிகளுக்குக் கூட்டம் சேரத்தான் செய்யும். போலீஸை வைத்து மட்டும் அதை நிறுத்த முடியாது.

மறுபக்கம் சிசேரியன். 2019-21-இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் கிட்டத்தட்ட 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் பார்த்தால் 60-க்கும் மேல். இந்தியாவின் சராசரி 21.5. ‘வலி தாங்க மாட்டேங்கறா, ஆபரேஷன் பண்ணிடுங்க டாக்டர்’ என்று குடும்பமே கேட்கிற காலம் இது. வலியைத் தாங்க ஒரு கையைக் கொடுத்துப் பார்த்தோமா?

●

கையைக் கொடுக்கிற வேலையும் இப்போது காசுக்குக் கிடைக்கிறது. பெரிய நகரங்களில் படித்த, பயிற்சி பெற்ற டூலாக்கள் இருக்கிறார்கள். பிரசவத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்து மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் கூட இருக்கிறார்கள், பிறகு தாய்ப்பால் கொடுக்கவும் உதவுகிறார்கள். நல்ல வேலை. ஃபீஸ் ஆயிரங்களில். அவர்கள் உழைப்புக்கு அது தகும். நான் குறை சொல்லவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. வசதியுள்ள பெண்ணுக்கு இது பேக்கேஜில் வருகிறது. வசதியில்லாத பெண்ணுக்கு 2004-லிருந்து அரசின் அனுமதி இருக்கிறது. அனுமதி இருந்து என்ன? துணைக்கு ஆள் வேண்டாமா?

இங்கேதான் திருப்பூரின் கதை மற்ற ஊர்களிலிருந்து வேறுபடுகிறது. நம் வழக்கத்தில் தலைப்பிரசவம் என்றால் தாய்வீடு. வளைகாப்பு முடிந்ததும் அம்மா வந்து அழைத்துப்போய்விடுவாள். கண்ணாடி வளையல் சத்தம் வயிற்றுக் குழந்தைக்குக் கேட்கும் என்று சொல்வார்கள். எனக்கென்னவோ, ‘இனி இந்தப் பெண்ணுக்குத் துணை வேண்டும்’ என்று ஊருக்கு மணியடிப்பதற்காகத்தான் அந்த வளையலைப் போட்டார்களோ என்று தோன்றும். அரசே சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. மேடை, சீர்வரிசை, மஞ்சள் குங்குமம், கலவை சாதம், போட்டோ எல்லாம் உண்டு. சந்தோஷம். ஆனால் வளையல் போட்டுக்கொண்ட அதே பெண் இரண்டு மாதம் கழித்துப் பிரசவ அறைக்குள் போகும்போது, அதே அரசு அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போடத் தயங்குகிறது.

திருப்பூரில் தாய்வீடு தேனியில் இருக்கும். அல்லது ஒடிசாவில் இருக்கும். இரண்டு நாள் ரயில் பயணம் செய்து அம்மா வருவதற்குள் பேரன் பிறந்துவிடுவான். அம்மாவும் வேலைக்குப் போகிறவளாக இருந்தால் வரவே முடியாது. பக்கத்து வீட்டுப் பெண் வரலாம். ஆனால் அவளுக்கு ஷிப்ட்.

திருப்பூர்க்காரர்களுக்கு ஷிப்ட் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே வருமானத்தை மாதத்தில் சொல்ல மாட்டார்கள். ‘இந்த வாரம் எத்தனை ஷிப்ட்?’ என்பார்கள். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். ராத்திரி வரை நின்றால் ஒன்றரை. வாரத்துக்கு இத்தனை ஷிப்ட் என்று கணக்குப் போட்டு சனிக்கிழமை சம்பளம். பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு அதுவும் இல்லை, தைத்த உருப்படிக்குத்தான் காசு. வருஷத்துக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊரில், ஒரு நாள் வராதவருக்கு அன்றைக்கு ஒன்றும் கிடையாது. பிரசவம் நேரம் சொல்லி வருவதில்லை. மத்தியானம் போனால் மறுநாள் சாயங்காலமும் ஆகலாம். மண்ணரை அக்காவின் கணக்கில் ஒரு பிரசவம் என்பது மூன்று ஷிப்ட். பதினாலு பிரசவம், நாற்பத்திரண்டு ஷிப்ட். கிட்டத்தட்ட இரண்டு மாதச் சம்பளத்தை இந்த அக்கா யாரோ பெற்ற பெண்களுக்காகக் கொடுத்திருக்கிறார்.

‘‘யாராவது திருப்பிக் குடுத்தாங்களா?’’ என்று கேட்டேன்.

‘‘ஒருத்தி சேலை எடுத்துக் குடுத்தா. ஒடிசாக்காரி ஊருக்குப் போயிட்டு வரயில என்னமோ இனிப்புக் கொண்டாந்து குடுத்தா. நல்லாருந்துச்சு’’ என்றார்.

பிள்ளை பெறுகிறவளுக்குச் சட்டம் இருக்கிறது. 2017-இல் 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு என்று ஆக்கினார்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அந்தப் பணமும் வரும். பிடித்தம் இல்லாமல் கான்ட்ராக்டர் கீழ் வேலை செய்பவர்கள் கதை தனி. முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மாநில அரசின் உதவித்தொகையும் இருக்கிறது. மத்திய அரசின் ஆண் ஊழியருக்குக்கூட மனைவியின் பிரசவத்துக்காக 15 நாள் விடுப்பு உண்டு. ஆனால் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் கணவனுக்கு? கூட இருக்கப் போகும் பெண்ணுக்கு? ஒன்றுமில்லை. ‘பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்’ என்று உத்தரவு போட்ட எந்த அரசும், அந்த ஒருவர் அன்றைக்கு எதைச் சாப்பிடுவார் என்று யோசிக்கவில்லை. பெண்கள் செய்கிற வேலைக்குக் கூலி எதற்கு என்ற பழைய நினைப்புதான். பாசத்தில் செய்வார்கள் என்று விட்டுவிட்டோம். பாசம் இருக்கிறது. சனிக்கிழமை வாடகை கொடுக்க அது உதவாது.

●

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் எப்படி என்பீர்கள். என் யோசனைகள் இவை. எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான்.

ஒன்று: கர்ப்பம் பதிவாகி பிக்மி எண் கொடுக்கும்போதே, ‘பிரசவத்தன்று உன்கூட யார் இருக்க வேண்டும்?’ என்று அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்டுப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மாமியார் வெளியே இருக்கும்போது கேளுங்கள். உறவினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள். பிழைக்க வந்த ஊரில் பக்கத்து வீடுதான் உறவு.

இரண்டு: அந்தப் பெயருக்கு உரியவருக்கு மூன்று ஷிப்ட் கூலி. கம்பெனி கொடுக்கிறதா, இ.எஸ்.ஐ. கொடுக்கிறதா, அரசின் உதவித்தொகையோடு சேர்ந்து வருகிறதா என்பதை அவர்கள் பேசி முடிவு செய்யட்டும். ஒரு சிசேரியனுக்கு ஆகும் மருந்து, மயக்க டாக்டர், தியேட்டர், கூடுதலாகப் படுக்கையில் கிடக்கும் நாள் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். மூன்று ஷிப்ட் அதில் எந்த மூலைக்கு?

மூன்று: கட்டிலுக்குக் கட்டில் ஒரு திரை, ஒரு ஸ்டூல். இதற்கு உலக வங்கிக் கடன் தேவையில்லை. துணி நெய்கிற ஊரில் திரைக்கு என்ன பஞ்சம்!

நான்கு: யாருமே இல்லாமல் வரும் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியே ஒரு துணை கொடுக்க வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021-லிருந்து மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கவில்லையா? அப்படி, பிரசவத் துணைக்கும் பயிற்சி கொடுத்துச் சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம். அந்தப் பெரிய காக்ரேன் தொகுப்பிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. ஆஸ்பத்திரி ஊழியராகவும் இல்லாமல், உறவினராகவும் இல்லாமல், இதற்கென்றே வந்த ஒருவர் கூட இருக்கும்போதுதான் சிசேரியன் குறைவது நன்றாகத் தெரிகிறது. மண்ணரை அக்கா மாதிரி ஆட்கள் ஒவ்வொரு காம்பவுண்டிலும் இருக்கிறார்கள். தேடுவதற்கு விளம்பரம்கூட வேண்டாம். யார் கதவை ராத்திரியில் தட்டுகிறார்கள் என்று கேட்டால் தெரிந்துவிடும்.

கிளம்பும்போது அந்த அக்காவிடம் டூலா என்ற வார்த்தையைச் சொன்னேன். இந்த வேலைக்கு மெட்ராஸில், பெங்களூரில் எல்லாம் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள் என்றும் சொன்னேன். நம்பவில்லை.

‘‘சும்மா பக்கத்துல உக்காந்திருக்கறதுக்கா?’’ என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: ‘‘காசு கெடக்குதுங்க. உள்ளே போனதும் ‘நீ யாரு’ன்னு கேக்காம, ‘அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுட்டு உக்காரும்மா’ன்னு ஒரு வார்த்தை சொன்னாங்கன்னாப் போதும்.’’

சுகாதாரத் துறையில் யாராவது இதைப் படித்தால், முதலில் அந்த ஸ்டூலை வாங்கிப் போடுங்கள். மூன்று ஷிப்ட் கணக்கை அப்புறம் பேசலாம். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.